அசைய வேண்டியதும் அசையக் கூடாததும்

பழைய சொகுசுக் கார் ஒன்று வீதியோரம் வந்து நின்றால், கூடுகிறவர்கள் முதலில் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மினுங்கும் ரேடியேட்டரையும் அதன் உச்சியில் நிற்கும் சிறு உருவத்தையும் படம் எடுப்பார்கள். நான் சாக்கொன்றை விரித்து, கைவிளக்கோடு அடியில் போய்ப் படுப்பேன். அந்தக் கார் எப்படி ஓட்டப்பட்டது, எங்கே அடிபட்டது, யார் யார் கைவைத்தார்கள் என்பதையெல்லாம் செசி சொல்லிவிடும். கொட்டாஞ்சேனையில் தொழில் பழகி, வெள்ளவத்தையில் சொந்தமாகக் கொட்டகை போட்டு, வாழ்நாளின் பெரும்பகுதியை வாகனங்களின் அடியில் கழித்தவன் நான். 1920களிலும் 30களிலும் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய பெரிய கார்கள் சிலவற்றைக் கடைசி ஆணிவரை பிரித்துப் பூட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவற்றின் அடியில் கற்றது என்னோடு போய்விடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அந்தக் காலத்துப் பெரிய கம்பெனிகள் விற்றதே செசியைத்தான். ரோல்ஸ் ரொய்ஸ் இரண்டாம் உலகப் போர் முடியும்வரை முழுக் கார் செய்து விற்கவில்லை. சட்டம், எஞ்சின், கியர் பொக்ஸ், அக்சில், ஸ்பிரிங், ஸ்டியரிங், ரேடியேட்டர் இவ்வளவும்தான் தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும். அதன்மேல் உடல் கட்டுவது பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்ட் போன்ற வண்டி கட்டும் நிறுவனங்களின் வேலை. நமக்குப் பக்கத்தில், மதராஸ் மவுண்ட் ரோட்டில் 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனியும் குதிரை வண்டி கட்டிய கைப்பழக்கத்தோடு மோட்டாருக்கு உடல் கட்டியது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜோன் கிறீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றையே செய்து ஓட்டினார். தோல் இருக்கையும் பட்டுத் திரையும் இப்படி வேறொருவர் போட்டவை. ஓடும்போது உள்ளே இருப்பவருக்குக் குலுக்கமும் ஓசையும் எட்டாமல் பார்த்துக்கொள்வது செசியின் பொறுப்பு. சொகுசு என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

நான் தொழிலுக்குப் போனது 1970களின் தொடக்கத்தில், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்த கராஜுக்கு. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். புதுக் கார் வராது. பழைய காருக்குப் பாகமும் வராது. பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடைகளில் தேடிக் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் லேத்தில் கடைந்தெடுக்க வேண்டும். அன்றாடச் சோறு மொறிஸ் மைனரிலும் ஒஸ்டினிலும் பீஜோவிலும் வந்தது. இடைக்கிடை யாராவது ஒரு பெரிய வீட்டுக் கொட்டிலிலிருந்து தள்ளிக்கொண்டு வரும் பழைய ரோல்ஸ் ரொய்ஸோ டெய்ம்லரோ வரும். அன்றைக்கு எங்கள் பாஸ் காலையிலேயே முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு நிற்பார். சுதந்திரத்துக்கு முன்பு வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் பட்டறையில் கையாளாகச் சேர்ந்து, வாசித்தல்ல, தொட்டுப் பார்த்து அந்தக் கார்களைப் படித்தவர் அவர்.

என்னை முதன்முதலில் அடியில் படுக்கவைத்து அவர் சொன்னது இதுதான்: “தம்பி, எந்தக் காரெண்டாலும் ரெண்டே கேள்விதான். எது அசைய வேணும்? எது அசையக் கூடாது? அதைக் கண்டுபிடிக்காமல் சாவியைத் தொடாத.” பிறகு நான் வாசித்த எஞ்சினியரிங் புத்தகங்கள் எல்லாம் அந்த இரண்டு கேள்விகளுக்கு எழுதிய விரிவுரைகளாகவே எனக்குப் பட்டன. 1900 முதல் 1938 வரையான செசியின் வரலாறும் அதுவேதான்.

ஆரம்பக் கார்களின் சட்டம் மரம். வலுவான மரத்துக்கு இரும்புத் தகடு வைத்துப் பூட்டியிருப்பார்கள். 1901இல் வந்த மெர்சிடிஸ் 35 குதிரைவலுக் கார் அந்த முறையை மாற்றியது. வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த அந்தக் காரின் சட்டம் அழுத்தி வளைத்த உருக்குத் தகடு. நீளமானது, நிலத்துக்கு நெருங்கியது. அதன்பிறகு எல்லோரும் ‘ப’ வடிவ உருக்குச் சட்டத்துக்கு வந்தார்கள்.

இந்த ‘ப’ வடிவத்தின் குணத்தை விளங்கிக்கொண்டால் பாதித் தொழில் தெரிந்த மாதிரி. மேலிருந்து வரும் பாரத்தை அது நன்றாகத் தாங்கும். முறுக்கினால் தாங்காது. வாய் மூடிய குழாயின் முறுக்கு வலுவில் மிகச் சிறிய பங்குதான் வாய் திறந்த சட்டத்துக்கு உண்டு. ஒரு முன்சில்லு பள்ளத்தில் இறங்கியதும் சட்டம் முழுதும் திருகும். உடலின் மரப் பொருத்துகள் கிரீச்சிடும், கதவு இறுகும், ரேடியேட்டரின் ஒட்டு விடும். இதை இன்றைக்கும் செய்து பார்க்கலாம். 1920களின் பெரிய கார் ஒன்றில் முன்பக்கத்து ஒரு சில்லை மட்டும் ஜக்கில் நன்றாக உயர்த்திவிட்டு, பின்கதவின் இடுக்கில் கடதாசித் துண்டைச் செருகிப் பாருங்கள். மேல்பக்கம் இறுகிப் பிடிக்கும், கீழ்ப்பக்கம் தாராளமாக நுழையும்.

சட்டம் திருகுவதைத் தடுக்க முடியாது என்று கண்ட எஞ்சினியர்கள், அந்தத் திருகல் மற்றப் பாகங்களுக்குப் போகாமல் தடுக்கப் பார்த்தார்கள். எஞ்சினை நான்கு மூலையில் இறுக்கினால் சட்டத்தோடு அதுவும் முறுகும். மூன்று இடத்தில் தாங்கவிட்டால் முறுகாது. ரேடியேட்டரை இரு பக்கமும் கட்டிப்போடாமல் அச்சில் ஆடவிட்டார்கள். பிரான்ஸில் சார்ல்ஸ் வேமன் 1920களில் கட்டிய உடல்களில் மரத்தோடு மரம் தொடவே தொடாது. இடையில் உருக்குத் தகடு வைத்துப் பூட்டி, மேலே தகரத்துக்குப் பதில் துணி போர்த்தினார். சட்டம் எவ்வளவு நெளிந்தாலும் உடல் கூடவே நெளியும், ஓசை வராது.

ஹென்றி ரொய்ஸ் சென்ற வழி இன்னும் நுட்பமானது. அவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயரெடுத்தவரல்ல. பழைய டெகோவில் கார் ஒன்றை வாங்கி, அதன் குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்திப் பார்த்தவர். அந்த அனுபவத்திலிருந்துதான் 1904இல் மான்செஸ்டரில் தன் முதல் காரைச் செய்தார். எங்களைப் போன்ற திருத்துகிற ஆட்களுக்கு அவர் நெருக்கமானவராகத் தெரிவது அதனால்தான். சட்டத்தின் குறுக்குத் துண்டுகளை மற்றவர்கள் றிவெட் அடித்து இணைத்தபோது, ரொய்ஸ் றிவெட்டை நம்பவில்லை. சூடாக அடித்த றிவெட் ஆறிச் சுருங்கும்போது துளைக்குள் நூலளவு இடைவெளி விடும். சட்டம் திருகத் திருக அந்த நூல் வளரும். அவர் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலியும் கூம்பு ஆணிகளைப் பயன்படுத்தினார். துளையையும் அதே கூம்பில் கையால் றீமர் போட்டுத் தீட்ட வேண்டும். ஆணியை இறுக்க இறுக்க அது துளையை முழுதாக நிரப்பும். அசையக் கூடாத இடத்தில் அசைவுக்கு இடமே விடாத வேலை அது.

அந்த ஆணிகளை எடுப்பதற்கும் முறை உண்டு. மெலிந்த பக்கத்திலிருந்து, செம்புத் துண்டை வைத்துத்தான் தட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, எடுத்த துளைக்கே திருப்பிப் போட வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது சரியாக உட்காராது. புதிதாகக் கடைந்தால் நீல மை பூசி உட்காரவைத்து எடுத்துப் பார்ப்போம். மை முழு நீளத்துக்கும் ஒரே சீராக ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டிருந்தால் மறுபடி றீமர். பாஸ் இந்த வேலையை வெயிலேறுமுன் செய்வார். மதியச் சூட்டில் கண் பொய் சொல்லும் என்பார்.

பிற்காலத்தில் என்னிடம் வந்த ரோல்ஸ் ரொய்ஸ் 20/25 ஒன்றின் சட்டத்தில் முன்பு எங்கோ ஒரு பட்டறையில் வெல்டிங் போட்டிருந்தார்கள். குறுக்குத் துண்டின் ஆணிகள் ஆடியிருக்கின்றன, எடுத்துவிட்டு ஒட்டிவிட்டார்கள். வெல்டிங் உறுதியாகவே இருந்தது. ஆனால் அதற்கு ஒரு விரல் தள்ளி, உருக்கில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. திருகிப் பழகிய சட்டத்தில் ஓரிடத்தை மட்டும் விறைப்பாக்கினால், அந்த விறைப்பு முடிகிற ஓரத்தில் முழு நெளிவும் வந்து குவியும். சூடு பட்ட உருக்கு அங்கே பலமிழந்தும் இருக்கும். வெல்டை அராவி எடுத்து, வெடிப்பின் நுனியில் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, உள்ளே தகடு வைத்து, பழைய முறைப்படியே கூம்பு ஆணி போட்டுக் கட்டினோம். 1929 முதல் 1936 வரை அந்த 20/25 மாதிரியில் 3,827 செசிகள் செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் இப்படி மனிதக் கையால் துளை தீட்டி இணைக்கப்பட்டது என்பதை நினைத்தால் சுத்தியலைத் தூக்கும் கை தானாகத் தாழும்.

சட்டத்துக்கு அடுத்தது ஸ்பிரிங். பெரும்பாலும் அடுக்கடுக்காக வைத்த வில்லுத்தகடுகள். பாரம் ஏற்றும்போது ஸ்பிரிங் எவ்வளவு தாழ்கிறதோ, அதுவே கார் எப்படி ஆடும் என்பதைத் தீர்மானிக்கும். 4 அங்குலம் தாழ்ந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 94 தடவை மேலும் கீழும் ஆடும். 9 அங்குலம் தாழும் மென்மையான ஸ்பிரிங் என்றால் 63 தடவை. பிரெடெரிக் லாஞ்செஸ்டர் என்ற மேதை இதை மிக முன்னதாகவே யோசித்தவர். மனிதன் நடக்கும்போது தலை எந்த வேகத்தில் ஏறி இறங்குகிறதோ அந்த வேகத்துக்கு உடல் பழகியிருக்கிறது; காரும் அதே வேகத்தில் ஆடினால் பயணி களைக்க மாட்டார் என்று கணக்குப் போட்டுத் தன் கார்களுக்கு நீண்ட கன்டிலீவர் ஸ்பிரிங் வைத்தார். 1911, 12 அளவில் ரோல்ஸ் ரொய்ஸும் தன் 40/50 காரின் பின்பக்கத்துக்கு அதே வகைக்கு வந்தது.

நம்முடைய வீதிகள் இந்தக் கணக்கைச் சோதித்தன. 1908இல் பம்பாயிலிருந்து கோலாப்பூர் வரை நடந்த சோதனை ஓட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களை ஏறிக் காட்டிய 40/50 காரைப் பிறகு குவாலியர் மகாராஜா வாங்கினார். நம்முடையது போன்ற நாடுகளுக்கென்று கம்பெனியே தனிச் செசி அனுப்பத் தொடங்கியது. நிலத்திலிருந்து கூடுதல் உயரமும் வெக்கையைத் தாங்கும் ரேடியேட்டரும் அதற்கு உண்டு.

வில்லுத்தகடு வளையும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் தனித்தனித் தகடுகள் ஒரே இரும்புக் கட்டையாகிவிடும்; எவ்வளவு நல்ல கணக்கும் வீண். அதனால்தான் நல்ல கார்களில் ஸ்பிரிங்குகளுக்குத் தோலுறை தைத்துப் போட்டு, உள்ளே எண்ணெய்ப் பசை காயாமல் வைத்தார்கள். வெள்ளவத்தையில் கொட்டகை போட்ட பிறகுதான் இதன் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது. ரயில் பாதைக்கு அப்பால் கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் யன்னல் கம்பியில் நாக்கை வைத்தால் உப்புக் கரிக்கும். ‘ப’ வடிவச் சட்டத்தின் உட்பக்கத்தில் சேறு தங்கி, அதில் உப்பு ஏறி, மரத்துக்கும் உருக்குக்கும் இடையில் வைத்த கம்பளித் துண்டு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் பூசிய கறுப்பு மை மட்டும் நன்றாக இருக்கும். ஆகவே உடலைத் தூக்கிப் பார்க்காமல் எந்தச் சட்டத்துக்கும் நான் நற்சான்று சொன்னதில்லை.

உடைந்த தகட்டுக்குப் பதில் தகடு செய்வதை ஆமர் வீதிப் பக்கத்துக் கொல்லர் ஒருவரிடம் கற்றேன். லொறி ஸ்பிரிங்கின் தகட்டை அளவாக வெட்டி, வளைத்து, செஞ்சூட்டில் எண்ணெயில் தோய்ப்பார். அப்போது அது கண்ணாடி போல் உடையக் கூடியது. மறுபடி அளவாகச் சூடாக்கித் தணிக்க வேண்டும். அவரிடம் வெப்பமானி இல்லை. காய்ந்த விறகுக் குச்சியைத் தகட்டில் உரசுவார். உரசிய இடத்தில் மரம் கருகிப் பொறி கிளம்பும் கணத்தில் வெளியே எடுத்துவிடுவார். அவர் செய்த தகடுகள் இன்றும் ஓடுகின்றன.

ஸ்பிரிங்கை அக்சிலோடும் சட்டத்தோடும் இணைக்கும் ஷக்கிள் பின்கள்தான் காரில் அதிகம் தேய்பவை. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் போக வேண்டும். பழைய முறையில் சாரதி காலையில் கிறீஸ் கிண்ணங்களைச் சுற்றிச் சுற்றித் திருகுவார். ஒன்று தவறினால் அந்தப் பின் போச்சு. அமெரிக்கரான ஜோசப் பிஜூர் உருவாக்கிய மைய எண்ணெய் முறை அந்தக் கவலையைத் தீர்த்தது. ரோல்ஸ் ரொய்ஸும் அதைத் தன் கார்களில் கொண்டுவந்தது. சாரதியின் காலடியில் ஒரு மிதி. ஒருமுறை மிதித்தால் மெல்லிய செம்புக் குழாய்கள் வழியே செசியின் மூட்டுகளுக்கு எண்ணெய் போகும். எந்த மூட்டுக்கு எவ்வளவு என்பதை அதன் வாயிலுள்ள சொட்டுக் குமிழ் தீர்மானிக்கும். குமிழுக்குள்ளே ஒரு சிறு வடிகட்டியும், துளையை அளவாக அடைத்து நிற்கும் ஒரு மெல்லிய ஊசியும் இருக்கும்.

எங்கள் ஊரில் அந்த முறை எப்படிச் செத்தது என்பதை அநேகமாக எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரிக் கண்டிருக்கிறேன். குமிழ் அடைபட்டதும் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கிறீஸ் நிப்பிள் போட்டுவிடுவார்கள். கிறீஸ் அடிக்க அடிக்கக் குழாய்க்குள் பின்னோக்கிப் போய் இறுகும். அதன்பின் மிதியை மிதித்தாலும் எந்த மூட்டுக்கும் ஒன்றும் போகாது. மீட்பதற்கு ஒரே வழி பொறுமை. எல்லாக் குழாயையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காற்றடித்து, குமிழ்களை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொட்டை எண்ண வேண்டும். அதன்பின் மெல்லிய எண்ணெய் மட்டும். ஒரு முறை மிதித்துவிட்டு அடியில் படுத்து, ஒவ்வொரு மூட்டிலும் எண்ணெய் கசிந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

பிறேக் பற்றிப் பேசக் கடுகண்ணாவ மலை இறக்கம்தான் சரியான இடம். கண்டியிலிருந்து இறங்கும்போது பழைய காரின் பாரம் முன்னோக்கிச் சாயும். 1920களின் தொடக்கம்வரை அநேகமாக எல்லாக் கார்களுக்கும் பிறேக் பின்சில்லில் மட்டும். பாரமில்லாத சில்லைப் பிடித்தால் அது நின்று வழுக்குமே தவிரக் காரை நிறுத்தாது. நான்கு சில்லுக்கும் பிறேக் என்பதை 1910, 11 அளவில் இத்தாலியின் இசோட்டா பிரஸ்கினியும் ஸ்கொட்லாந்தின் ஆர்கைலும் முயன்றார்கள். 1919இல் ஹிஸ்பானோ சூய்சா எச் 6 காரில் மார்க் பேர்கிட் அதற்கு ஒரு துணை வலுவையும் சேர்த்தார். அந்த வழியிலேயே 1924இல் ரோல்ஸ் ரொய்ஸும் வந்தது.

அந்தத் துணை வலுவின் வேலை எளிமையானது. கியர் பொக்ஸின் பக்கத்திலிருந்து ஒரு தண்டு, கார் ஓடும்வரை மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். சாரதி மிதியை அழுத்தினால் அந்தத் தண்டோடு சுழலும் தட்டின்மேல் இன்னொரு உராய்வுத் தட்டுப் பதியும். இழுபடும் அந்தத் தட்டின் வலுதான் கம்பிகள் வழியே பிறேக்கைப் பிடிக்கும். காரின் ஓட்டமே காரை நிறுத்துகிறது. எஞ்சின் நின்றுபோனாலும் சில்லு உருளும்வரை இது வேலை செய்யும். மிதியிலிருந்து பின்பிறேக்குக்கு நேரடித் தொடர்பும் உண்டு என்பதால் துணை வலு கைவிட்டாலும் கார் கைவிடாது. ரோல்ஸ் ரொய்ஸ் இந்த முறையை 1960கள் தாண்டியும் வைத்திருந்தது. மலைநாட்டிலிருந்து “பிறேக் பிடிக்குதில்லை” என்று வரும் கார்களில் லைனிங்கைப் பார்க்குமுன் கியர் பொக்ஸ் ஒயில் அந்தத் தட்டுக்குக் கசிகிறதா என்று பார்ப்பேன். நோய் பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு திருத்தம் இன்னொரு சிக்கலைக் கூட்டிவரும். முன்சில்லுக்குப் பிறேக் வந்ததும் முன்அக்சிலின் நிறை ஏறியது. அதே ஆண்டுகளில் காற்றழுத்தத்தைப் பாதியாகக் குறைத்த அகலமான பலூன் ரயர்களும் வந்தன. பயணம் மென்மையானது, ஆனால் ஒரு வேகத்துக்கு மேல் முன்சில்லுகள் இரண்டும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கின. ஒரு சில்லு மேட்டில் ஏறினால் ஒற்றை அக்சில் சாயும். சுழலும் சில்லைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். அது ஸ்டியரிங்குக்குப் போய், மறுசில்லுக்குப் போய், மறுபடி திரும்பும். கிங் பின்னையும் பந்து மூட்டையும் எவ்வளவு இறுக்கினாலும் இந்த உதறலின் வேர் போகாது.

வேரைத் தோண்டியவர் மொறிஸ் ஒலி. ரோல்ஸ் ரொய்ஸின் எஞ்சினியராக அமெரிக்காவுக்குப் போய், 1930இல் கடிலக்கில் சேர்ந்தவர். பாரங்களை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு காரைச் செய்து, அதில் ஆட்களை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். முன்ஸ்பிரிங் பின்ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருந்தால் கார் தலையாட்டாமல் தட்டையாகப் போகும் என்று கண்டார். அதுவரை எல்லோரும் செய்தது இதற்கு நேர்மாறு. ஆனால் ஒற்றை அக்சிலுக்கு அவ்வளவு மென்மையான ஸ்பிரிங் வைத்தால் உதறல் இன்னும் கூடும். ஆகவே அக்சிலையே எடுத்துவிட்டு, இரு முன்சில்லுகளையும் தனித்தனியே தொங்கவிட வேண்டியதாயிற்று. 1934 மாதிரிக் கடிலக்கில் அது வந்தது. 1936இல் ரோல்ஸ் ரொய்ஸின் பாண்டம் மூன்றும், 1938இல் ரெய்த்தும் அந்த வழியைப் பின்பற்றின.

தனித்தனியே தொங்கும் சில்லுக்குத் திருகாத சட்டம் வேண்டும். சட்டம் நெளிந்தால் சில்லின் கோணம் ஒவ்வொரு பள்ளத்திலும் மாறும். ஆகவே நடுவில் பெருக்கல் குறி போன்ற குறுக்குச் சட்டமும் வாய் மூடிய பெட்டிச் சட்டமும் வந்தன. நாற்பது ஆண்டுக்குள் விடை தலைகீழாகிவிட்டது. முன்பு சட்டம் நெளிய, மற்றதெல்லாம் அதற்கு இடம்கொடுத்து ஒதுங்கின. பின்பு சட்டம் விறைத்து நிற்க, சில்லு மட்டும் சுதந்திரமாக அசைந்தது. இரண்டும் முழுமையான விடைகள். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பலப்படுத்துகிறேன் என்று பெட்டியாக்கி ஒட்டுகிறவர் ஒரு விடையின் தலையை இன்னொரு விடையின் உடலில் வைக்கிறார். முதல் மழைக்காலத்திலேயே எங்கோ ஒரு மூலை வெடிக்கும்.

இந்த நுட்பம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1930களின் பம்பரைச் சொல்லலாம். ரோல்ஸ் ரொய்ஸ், பென்ட்லி கார்கள் சிலவற்றில் பம்பரின் இரு நுனிகளிலும் உள்ளே பாரம் வைத்திருப்பார்கள். சட்டத்தின் முன்பகுதி அதிரும்போது அந்தப் பாரம் எதிர்த்திசையில் ஆடி அதிர்வை அமர்த்தும். குரோம் பூசக் கொடுத்த இடத்தில் அந்தப் பாரங்களைக் குப்பை என்று எறிந்துவிட்டு, பிறகு ஸ்டியரிங் நடுங்குகிறது என்று மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பம்பரும் செசியின் உறுப்பு.

1983 ஜூலைக் கலவரத்தில் கொட்டாஞ்சேனைக் கராஜ் எரிந்தது. லேத்தும் றீமர்களும் போயின. அவற்றைவிடப் பெரிய இழப்பு பாஸின் அளவுக் கொப்பிகள். எந்தக் காரின் எந்தப் பின் எத்தனை ஆயிரத்திலொரு அங்குலம், எந்த ஸ்பிரிங் பாரமில்லாமல் எவ்வளவு வளைவு என்று சிறு பென்சில் எழுத்தில் எழுதிவைத்திருந்தார். அவர் அதன்பின் ஊரோடு போய்விட்டார். நான் கொழும்பிலேயே தங்கி வெள்ளவத்தையில் மறுபடி தொடங்கியபோது, நினைவில் இருந்ததை முதலில் எழுதினேன். பிறகு கைக்கு வந்த ஒவ்வொரு காரையும் அளந்து சேர்த்தேன்.

பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வேலையும் அளப்பதுதான். காரைச் சமதரையில் நிறுத்தி, சட்டத்தின் மூலைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, சீமெந்துத் தரையில் சோக்கால் புள்ளி வைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கச் சொல்வேன். எட்டிலொரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் கார் எங்கோ மோதியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்து ஆட்டிப் பார்த்து, இது அசைய வேண்டியதா, கூடாததா என்று கொப்பியில் எழுதச் சொல்வேன். பழைய கார் கிடைக்காதவர்கள் காலிமுகத்திடல் ஹோட்டலில் நிற்கும் ஸ்டாண்டர்ட் காரைப் போய்ப் பார்க்கலாம். அது சொகுசுக் கார் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்து வண்டி எப்படி நின்றது என்பது நேரில் தெரியும்.

இன்றைய பிள்ளைகளின் கையில் ஸ்கானர் இருக்கிறது. ஹைபிரிட் கார்களின் பிழை இலக்கத்தை நொடியில் வாசிக்கிறார்கள். அந்தக் கார்களுக்கும் புஷ் தேய்கிறது, பந்து மூட்டு ஆடுகிறது, கொழும்புப் பள்ளத்தில் விழுந்து கோணம் மாறுகிறது. அந்தப் பிழைக்கு இலக்கம் இல்லை. கைதான் கண்டுபிடிக்க வேண்டும். என் அளவுக் கொப்பிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் சுத்தமாக எழுதிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்களும் தங்களிடமுள்ள அளவுகளை எழுதித் தந்தால் சேர்த்துக்கொள்வேன். யார் கேட்டாலும் கொடுப்பேன். ஒரு தீயில் போகாதபடி அவை பல வீடுகளில் இருக்க வேண்டும்.